ரஹ்மத் அம்மாவின் சனிக்கிழமைத் தோட்டம்

ஞாயிறு முதல் பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும், அணைத்து வைத்திருந்த போனைத் திறந்தேன். மெகபூப் பாய் பலமுறை அழைத்திருந்தார். அவருடைய மனைவி ரஹ்மத் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கும் நாள்களில், வீடு திரும்பியதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்வது அவர் வழக்கம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாது. படியிலேயே நின்று அவரைக் கூப்பிட்டேன்.

“டீச்சர், காலைல தொழுகைக்கு எழுப்பினேன். ரஹ்மத் எழுந்துக்கல,” என்றார்.

பிறகு அவரே, “உங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க. எனக்கு யார்கிட்ட என்னா சொல்றதுன்னு தெரியல,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சாந்தோமில் கடலை ஒட்டி இருக்கும் எங்கள் பெண்கள் பள்ளியில் ரஹ்மத் அம்மா ஆசிரியையாக இருந்ததில்லை. சம்பளம் வாங்கும் எந்த வேலையிலும் இருந்ததில்லை. ஆனாலும் எங்கள் பின்கட்டில் இன்று காய்த்துக்கொண்டிருக்கும் காய்கறித் தோட்டம் அவருடையது. அதில் பங்கெடுக்கும் பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண்களும் பங்குக் கோயில் குடும்பங்களும் எங்கள் மாணவிகளும் அவரால் சேர்ந்தவர்கள். அவரைத் தெரிந்தவர்களுக்காகவும், சனிக்கிழமை காலைகளில் எங்கள் பின்வாசல் வழியாகக் கீரைக் கட்டோடு போகும் பெண்களைப் பார்த்து ‘இதென்ன கூட்டம்’ என்று நினைத்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் அறிந்தது ஆசிஃபாவின் அம்மாவாக. ஆசிஃபா ஏழாம் வகுப்பில் என் மாணவி. நான் அறிவியல் பாடம் எடுப்பவள். நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பாதி எழுந்து நிற்கும் பெண் அவள். மெகபூப் பாய்க்கு மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பை, பெட்டி, ஜிப் ரிப்பேர் செய்யும் சிறிய கடை. ரஹ்மத் அம்மா வீட்டிலேயே புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பார். ஆசிஃபா அவர்களுக்கு ஒரே பிள்ளை. மாலை மணி அடிக்கும்போது வாசலில் கறுப்பு பர்தாவில், கையில் தண்ணீர் பாட்டிலோடு ரஹ்மத் அம்மா நிற்பார். மகள் அதைக் குடித்து முடித்த பிறகுதான் இருவரும் நடக்கத் தொடங்குவார்கள்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஆசிஃபாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். நான்கைந்து நாள்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் வகுப்புத் தோழிகளை அழைத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போனபோது, ரஹ்மத் அம்மா ஒவ்வொரு பெண்ணின் நெற்றியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

அதன் பிறகும் அவர் மாலையில் பள்ளி வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு திரும்பிப் போவார். எங்களில் யாருக்கும் அவரிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒரு நாள் நானே போய், “உள்ள வந்து உக்காருங்கம்மா,” என்றேன்.

அவர் உட்காரவில்லை. “டீச்சர், இந்த ஸ்கூல்ல தண்ணி நிக்கிற எடம் எங்க எங்க இருக்கு, காட்டுறீங்களா?” என்று கேட்டார்.

குற்றம் சாட்ட வந்திருக்கிறார் என்று சக ஆசிரியைகள் சிலர் பயந்தார்கள். தலைமையாசிரியையான சிஸ்டர் மட்டும், “காட்டுங்க. அவங்களுக்குப் பாக்க உரிமை இருக்கு,” என்றார். நான் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். உடைந்த பெஞ்சுகள், பழைய டயர்கள், தேங்காய் ஓடுகள், பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் அங்கே மழை நீரைத் தாங்கிக்கொண்டு கிடந்தன. ரஹ்மத் அம்மா ஒரு டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதிலிருந்த தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். “எங்க வீட்லயா, இங்கயா, வழியிலயா, எங்க கடிச்சிதுன்னு இனிமே தெரியப் போறதில்ல,” என்றார். பிறகு டயரை நிமிர்த்திச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார். எனக்குத் தூக்க உதவி தேவைப்படும் கனம் அதற்கு.

மறுநாள் காலை வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். எங்கள் வாட்ச்மேனும் சில மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் பின்கட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்க இடமில்லை. சுவர்வரை வெறும் மணல். வேலை முடிந்த அன்று ரஹ்மத் அம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி நடுவில் நின்று, “இப்ப நான் என்னா பண்றது டீச்சர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இந்த இடத்தைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான், ஏழாம் வகுப்புப் பாடத்துக்காக வாங்கி வைத்திருந்த வெண்டை விதைகளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவருக்குச் செடி வளர்த்துப் பழக்கம் இல்லை. எனக்குப் புத்தகத்தில் இருப்பது மட்டும் தெரியும். முதல் ஆண்டு நாங்கள் போட்ட விதையெல்லாம் வீணாயிற்று. ஊற்றிய நீரை மணல் விழுங்கிவிடும். தலைகாட்டிய தளிர்களைக் கடலிலிருந்து வரும் உப்புக் காற்று கருக்கிவிடும். கிண்டியில் குதிரை லாயத்தில் வேலை பார்த்த ஒரு மாணவியின் அப்பா, லோடு ஆட்டோவில் மூட்டை மூட்டையாகக் குதிரைச் சாணம் கொண்டுவந்து இறக்கினார். குப்பத்திலிருந்து மீன் கழிவு வந்தது. உரத்துக்காக அதை வெல்லத்தோடு ஊறவைத்த நாள்களில் பத்தாம் வகுப்பு ஜன்னல்களை மூடித்தான் பாடம் நடத்த முடிந்தது. காற்று வரும் பக்கம், கிளையிலிருந்து வெட்டிய முருங்கைப் போத்துகளை வரிசையாக நட்டோம். அவை தழைத்து நின்ற பிறகு, அவற்றின் மறைவில் கத்தரியும் வெண்டையும் கொத்தவரையும் பிழைத்துக்கொண்டன.

முதல் கத்தரிக்காயைப் பறித்த அன்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ரஹ்மத் அம்மா சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சட்டென்று பர்தாவின் முனையால் வாயை மூடிக்கொண்டார், சிரித்தது தப்பு என்பதுபோல.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மெகபூப் பாயின் உறவில் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் வாணியம்பாடி போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆறாம் வகுப்பு பவித்ராவுக்குக் காய்ச்சல். அவள் குப்பத்தில் மீன் விற்கும் செல்வியின் மகள். டெங்கு என்று உறுதியாகி அவளைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க ஆள் வந்தார். தோட்டத்துக்கு நீர் சேர்த்து வைத்திருந்த டிரம்மின் மேல் கட்டியிருந்த வலை ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. அவர் டார்ச் அடித்துக் காட்டினார். புழுக்கள் நெளிந்தன.

ரஹ்மத் அம்மா ஊரிலிருந்து திரும்பி, நேராகப் பள்ளிக்கு வந்தார். பெட்டிகூடக் கையில் இருந்தது. அதே நேரம் செல்வியும், மகளுடைய ஆதார் நகல் கேட்டு அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் தூங்காத கண்கள். ரஹ்மத் அம்மாவைப் பார்த்ததும் வராந்தாவிலேயே கத்தத் தொடங்கினார்.

“யம்மா, தோட்டமா வெக்கிற தோட்டம்? உன் பொண்ண வாரிக் குட்த்தது பத்தலன்னு என் பொண்ணயும் அனுப்பப் பாக்குறியா? இன்னா பாவம் பண்ணுச்சு என் புள்ள?”

நான் குறுக்கே போய் நின்றேன். ரஹ்மத் அம்மா என்னை விலக்கினார். “அவங்க பேசட்டும் டீச்சர்,” என்றார். செல்வி பேசி முடித்து, அழுது, போகும்வரை அதே இடத்தில் நின்றார். பிறகு பின்கட்டுக்குப் போய், அந்த டிரம்மை உருட்டிச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு, எங்கள் யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார்.

அதோடு அவர் வரவில்லை. நான் போன் செய்தால் மெகபூப் பாய்தான் எடுப்பார். “தையல் மிஷின் முன்னாடியே உக்காந்துட்டிருக்கா டீச்சர். தைக்கல,” என்பார். தோட்டத்தை மூடிவிடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. சிஸ்டர் முடிவு சொல்லாமல் தள்ளிப்போட்டார். அந்த வாரங்களில் பிள்ளைகள் குழாயிலிருந்து நேராகப் பக்கெட்டில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றும்படி நான் சொல்லவில்லை.

பவித்ரா பிழைத்து வந்தாள். அவள் பள்ளிக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு பிற்பகல் செல்வி என்னைத் தேடி வந்தார்.

“டீச்சர், அந்த பாயம்மா வூடு எங்க கீது?”

எதற்கென்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரில என் வூட்டுக்காரு பாத்துகீறாரு. தெனம் வெடிகாலைல வந்து வாசல் கேட்டாண்ட பெஞ்சுல குந்திகினு இருந்திச்சாம் அது. உள்ள வர்ல. ராத்திரி ட்யூட்டி முடிச்சி போற நர்ஸ நிறுத்தி நிறுத்தி, அந்த சாந்தோம் பொண்ணு எப்டி கீதுன்னு கேட்டுகினு இருந்திச்சாம். எனக்கு அப்போ தெரியாது.”

பவித்ராவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். ஒரே அறையும் சமையலறையுமாக மாடியில் இருந்தது வீடு. ரஹ்மத் அம்மா கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். செல்வி உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று பேசினார்.

“தோ பாரு பாயம்மா, நான் பேசனது பேசனதுதான். வாய்ல வந்திச்சு, கொட்டிட்டேன். அள்ள முடியாது. ஆனா டிரம்முலதான் புழு இருந்திச்சு, டிரம்மு போய்டுச்சு. தோட்டம் இன்னா பண்ணுச்சு? நீ வா.”

ரஹ்மத் அம்மா பவித்ராவைப் பக்கத்தில் வரச் சொல்லி அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். கையை எடுக்க அவருக்கு நேரமாயிற்று.

“ஜுரம் இல்ல,” என்றார் கடைசியில். “செடியெல்லாம் காஞ்சிடுச்சா கண்ணு?”

“இல்ல. நாங்க ஊத்தறோம். அவரைக்காய் கொடி மட்டும் கீழ விழுந்துருச்சு,” என்றாள் பவித்ரா.

“பந்தல் கட்டணும் அதுக்கு,” என்று சொல்லிக்கொண்டே ரஹ்மத் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் செல்வி உள்ளே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆசிஃபா இறந்து மூன்று மழைக்காலங்களுக்குப் பிறகு ரஹ்மத் அம்மா வாய்விட்டு அழுதது அன்றுதான் என்று பின்னால் மெகபூப் பாய் என்னிடம் சொன்னார்.

திரும்பி வந்தவர் கொஞ்சம் மாறி வந்தார். சனிக்கிழமைகளில் தோட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லி சிஸ்டரிடம் கேட்டு வாங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து கொத்தலாம், களை பிடுங்கலாம், காய் பறித்துப் போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை. செடியைத் தொடுவதற்கு முன் மாணவிகளோடு குப்பத்துத் தெருக்களையும் பின்னாலுள்ள குடியிருப்புகளையும் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். மொட்டை மாடி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்புறம், படகு ஓரத்தில் கிடக்கும் உடைந்த தெர்மாகோல் பெட்டி, எங்கே நீர் நின்றாலும் கொட்டிவிட்டு வர வேண்டும்.

“கீரை வேணுமா? மொதல்ல வீட்ல தண்ணிய கொட்டிட்டு வா,” என்பார். செல்விதான் அவருடைய வலது கை. கதவைத் திறக்க மறுக்கும் அடுக்குமாடி வீடுகளில் செல்வி குரல் கொடுத்தால் மூன்றாம் மாடிவரை திறக்கும். “கொசு மாமி வந்துட்டாங்க,” என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். இருவருமே அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படியே ஆண்டுகள் ஓடின. சத்துணவுச் சாம்பாரில் எங்கள் முருங்கைக்காய் விழுந்தது. தோட்டத்துக்கு ஆசிஃபாவின் பெயரை வைத்து வாசலில் ஒரு பலகை மாட்டலாம் என்று சிஸ்டர் விரும்பினார். ரஹ்மத் அம்மா கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். காரணத்தை என்னிடம்தான் சொன்னார்.

“வெயில் காலத்துல செடிங்க வாடும் டீச்சர். ஆசிஃபா வாடிடுச்சுன்னு பசங்க சாதாரணமா சொல்லும். அத கேக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அதனால் பலகை கிடையாது. இன்றும் அது வெறும் ‘பின்னாடித் தோட்டம்’தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. வெயிலில் நின்றதால் என்றுதான் நினைத்தோம். வெகுநாளாக இருந்த சர்க்கரை, சிறுநீரகங்களைத் தின்றுவிட்டிருந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றாயிற்று. சனிக்கிழமையை மட்டும் விட்டுவிடும்படி ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். சுற்று வர முடியாது என்பதால் முருங்கை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்வார். கீரை, தக்காளி, முருங்கை எதுவும் அவர் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. சித்திரை வெயிலில், பிள்ளைகள் பக்கெட் பக்கெட்டாகப் பாத்திகளில் ஊற்றுவதை உதட்டை நனைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காட்சியை நான் நெடுநேரம் பார்க்கமாட்டேன்.

கடைசியாக அவரோடு பேசியது இறப்பதற்கு முந்தைய நாளான சனிக்கிழமை. புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவரிடம் ஓடி வந்து, “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டுவிட்டாள். நான் பதறிப்போனேன். ரஹ்மத் அம்மா பதறவில்லை.

“ஒரு பொண்ணு. ஆசிஃபா. இதே ஸ்கூல்தான். உன்ன மாதிரிதான் கேள்வி கேட்டுட்டே இருப்பா,” என்றார். அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு ஓடிவிட்டாள். ரஹ்மத் அம்மா என் பக்கம் திரும்பி, “அவ பேர கேட்டு ரொம்ப நாளாச்சு டீச்சர். எனக்கு வலிக்கும்னு நெனச்சு யாருமே அத சொல்றதில்ல. நீங்க சொல்லுங்க, பரவால்ல,” என்றார்.

அந்த ஞாயிறன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். குப்பத்துப் பெண்கள் செல்வியோடு சந்துமுனையில் கூட்டமாக நின்றார்கள். “உள்ள போலாமா டீச்சர்? நாங்க போனா எதுனா சொல்வாங்களா?” என்று செல்வி தணிந்த குரலில் கேட்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மெகபூப் பாயின் தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்தார். “தோட்டத்து அக்காங்கதான? வாங்க,” என்று செல்வியின் கையைப் பிடித்து அழைத்துப்போய், ரஹ்மத் அம்மாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார். செல்வி நீட்டிய கையை ஒரு கணம் தயங்கி நிறுத்தி, பிறகு புறங்கையை அந்த நெற்றியில் வைத்தார்.

மாலைத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றினார்கள். அடக்கம் நடக்கும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. ஆகவே நாங்கள் எல்லோரும், அந்த வீட்டுப் பெண்களும் குப்பத்துப் பெண்களும் சிஸ்டரும் நானும், சந்திலேயே நின்று அது திரும்பி மறையும்வரை பார்த்தோம். அவர் இப்போது ஆசிஃபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று மெகபூப் பாய் திரும்பி வந்து சொன்னார். இடம் கிடைத்ததாம்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். “நாளைக்கு எங்க மொற,” என்று செல்வி யாரையும் கேட்காமல் அறிவித்துவிட்டார். திங்கட்கிழமை விடிந்ததும் தோட்டத்தில் காய் பறித்து, செல்வி வீட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வெண்டைக்காய்ப் பொரியலும் ஆக்கி எடுத்துக்கொண்டு போனோம். மெகபூப் பாய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கை வற்புறுத்தித் தட்டின் முன்னால் உட்கார வைத்தார். செல்வி பரிமாறினார்.

ஒரு வாய் எடுத்து வைத்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கண்களில் நீர் நிறைந்தது.

“இன்னா பாய், நல்லா இல்லியா?” என்று செல்வி பதறினார்.

“நல்லா இருக்கும்மா. உப்பு போட்டிருக்கீங்க,” என்றார் மெகபூப் பாய். “ரெண்டு வருஷமா எங்க வீட்ல உப்பே இல்ல. அவளுக்குக் கூடாதுன்னாங்க. அவ மட்டும் எப்படி சாப்புடுவா? நானும் போட்டுக்கல.”

அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். கண்ணீர் தட்டில் விழுந்தது. துடைக்காமல், மெதுவாக, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். செல்வி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அதையும் மறுக்கவில்லை.

ரஹ்மத் அம்மா, உங்கள் வீட்டில் அடுப்பு மறுபடி எரியும்வரை சாப்பாடு எங்களிடமிருந்து வரும். பாயை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் உங்கள் பெண்ணோடு இருங்கள்.